பாறையில்லாத ஊரின் மலை

ஹூக்ளிக் கரையோரம் – 17

வில்லியம் கோட்டைக்குள் 1835-ல் ஆழ்துளை போட ஆரம்பித்தார்கள். நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று பார்க்கத்தான். ஐந்து வருஷம் துளைத்தார்கள். களிமண் வந்தது, மணல் வந்தது, மக்கிய மரத்தோடு கறுப்புச் சேறு வந்தது, மறுபடி மணல், கொஞ்சம் கூழாங்கல். 481 அடி ஆழத்தில் 1840-ல் வேலை நின்றது. அதுவரை பாறை தட்டுப்படவே இல்லை. புவியியல்காரர்கள் கும்பிடும் சார்ல்ஸ் லயல், கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் எவ்வளவு தடிமன் என்பதை விளக்க இந்தக் கொல்கத்தாத் துளையைத்தான் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கோட்டையிலிருந்து தெற்கே டயமண்ட் ஹார்பர் சாலையைப் பிடித்து வந்தால் பெஹாலா. இங்கே அஸ்திவாரம் தோண்டுகிறவரிடம் ‘கல் வந்ததா?’ என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் கிணறு வெட்டினால் முதல் கேள்வியே அதுதான். ஆடி ஆவணியில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வடிய இடம் வேண்டுமே, மேடும் பள்ளமும் இருந்தால்தானே! ஜோகாவுக்கும் தாராதலாவுக்கும் நடுவில் 2022 கடைசியில் திறந்த மெட்ரோவின் மேம்பாதைதான் எங்கள் பக்கத்தில் கால் வைத்து ஏறக்கூடிய உயரம். பெஹாலா சௌரஸ்தா ஸ்டேஷனில் நின்று பார்த்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளே சிகரங்கள். துர்கா பூஜை வந்துவிட்டால் கதை வேறு. மூங்கிலையும் சாக்குத் துணியையும் வைத்து ஒரே மாதத்தில் குகையும் பனிமலையும் எழுப்பிவிடுவார்கள். பூஜை முடிந்த வாரமே பிரித்தும்விடுவார்கள்.

இப்படிப்பட்ட தட்டை பூமியில்தான் இந்தியாவின் மிகப் பெரிய மலைப்பித்து குடியிருக்கிறது. நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால் ஒரு வங்காளிக் குடும்பத்தின் அலமாரியைத் திறந்து பாருங்கள். மலைக்குளிருக்குத் தலையும் காதும் மூடிப் போடும் குரங்குக் குல்லாய் இல்லாத வீடு கிடையாது. இங்கே ஒவ்வொரு பாடாவிலும், அதாவது பேட்டையிலும், ஒரு கிளப் உண்டு. கேரம் போர்டு, ரத்ததான முகாம், பூஜை வசூல் ஆகியவற்றோடு சில கிளப்புகளில் மலையேற்றப் பிரிவும் உண்டு. கார்த்திகை பிறந்ததும் கரும்பலகையில் சாக்கட்டியால் ‘ராக் கிளைம்பிங் கோர்ஸ்’ என்று எழுதிப் போடுவார்கள். பாங்க் குமாஸ்தா, கல்லூரிப் பெண், மருந்துக் கடைப் பையன், ரிடயர்டு வாத்தியார் எல்லாரும் பெயர் கொடுப்பார்கள்.

டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் 1954-ல் தொடங்கியது. டென்சிங் அங்கே பயிற்சிக்குத் தலைவரானார். ஆனாலும் வங்காளத்துப் பொதுஜனம், ராணுவமோ அரசாங்கமோ இல்லாமல், ‘நாமும் போகலாம்’ என்று துணிந்தது 1960-ல். சுகுமார் ராய் தலைமையில் ஒரு குழு கட்வால் இமயத்தின் நந்தாகுண்டி சிகரத்துக்குப் போனது. ஆனந்த பஜார் பத்திரிகை பின்னால் நின்றது. அவர்கள் உச்சி தொட்ட செய்தி வந்த பிறகு கிளப்புகள் காளான்களாக முளைத்தன. அரை நூற்றாண்டு கழித்து, 2010-ல், பசந்த சிங்க ராயும் தேபாசிஷ் பிஸ்வாஸும் எவரெஸ்டில் நின்றார்கள். ஹௌராப் பெண் சந்தா காயேன் 2013-ல் எவரெஸ்ட், லோட்ஸே இரண்டிலும் ஏறினார். மறுவருஷம் காஞ்சன்ஜங்காவின் மேற்குத் தோளுக்குப் போனவர் பனிச்சரிவில் மறைந்தார்.

கங்கைச் சமவெளியில் பிறந்தவர்களுக்கு இந்த வித்தை பழகுகிற இடம் என்று ஒன்று வேண்டுமே. பாங்குடாவில் சுசுனியா, புருலியாவில் ஜயசண்டி, மாட்டாபுரு, பேரோ. மேற்கு வங்கத்தின் காய்ந்த மேற்கு மூலை அது. கொல்கத்தாக்காரர்களின் பேச்சில் இவையெல்லாம் ‘பிராக்டிஸ் ராக்’. இந்தச் சொல்லில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

ஒரு ஜனவரியில் எங்கள் பேட்டை கிளப் ஆட்கள் ஜயசண்டிக்குப் புறப்பட்டபோது நானும் ஒட்டிக்கொண்டேன். பையன்களுக்கு நான் ‘மாத்ராஸி காகு’. காகு என்றால் சித்தப்பா. மூட்டு வலி உள்ள சித்தப்பாவைச் சமையல் கோஷ்டியில் சேர்த்துவிடலாம் என்று அவர்கள் கணக்கு. ஹௌராவில் நடுநிசியை ஒட்டிக் கிளம்பும் சக்ரதர்பூர் வண்டியில் ஏறினோம். கயிற்றுச் சாக்குகள், அலுமினியத் தேக்சா, முட்டை அட்டைகள், அரிசி மூட்டை. டி.டி.ஈ. ஒருமுறை பார்த்துவிட்டு ‘மலைப் பார்ட்டியா?’ என்று கேட்டார், நகர்ந்தார். விடிகிற நேரத்தில் ஆத்ரா. பழைய பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் ஊர் அது. சிவப்புச் செங்கல் குவார்ட்டர்ஸும் ஆலமரமும் இன்னும் இருக்கின்றன. மண்குவளையில் டீ குடித்துவிட்டு டோட்டோ என்ற மின்ரிக்‌ஷா பிடித்தோம். அசன்சோல் பாதையில் மலையின் பெயரிலேயே ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. பாசஞ்சர் வண்டி கிடைத்தால் அங்கேயே இறங்கி நடந்தே போய்விடலாம்.

மண் சிவந்துவிட்டது. வயல்களில் அறுத்த தாள் மட்டும். ஈச்சமரங்களின் கழுத்தில் பானை கட்டியிருந்தது. பனிக்காலத்துப் பதநீர் அதில்தான் இறங்குகிறது, அதைக் காய்ச்சிய வெல்லத்துக்குத்தான் கொல்கத்தா இனிப்புக் கடைகளில் வரிசை. ஏரிகள் பாதி வற்றிக் கிடந்தன. ரகுநாத்பூர் பக்கம் திரும்பியதும் எதிரே பாறைகள் எழுந்தன. சரிவு, அடிவாரம், காடு என்று மலைக்குரிய முன்னேற்பாடு எதுவுமில்லை. சமதரை, அதிலிருந்து செங்குத்தாக மொட்டைக் கருங்கல்.

இது சோட்டாநாகபுரிப் பீடபூமியின் கிழக்கு விளிம்பு. இங்குள்ள கிரானைட்டும் நைஸ் பாறையும் நூறு கோடி வருஷக் கணக்கில் பேசப்படுபவை. சுற்றியிருந்த மெலிந்த பாறை மழையிலும் வெயிலிலும் கரைந்து போக, கெட்டியான பகுதி மட்டும் நின்றுவிட்டது. மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒத்தக்கடையில் நின்று யானைமலையைப் பார்த்தவர்களுக்கு ஜயசண்டி அந்நியமில்லை. நிறம் மட்டும் கொஞ்சம் மாறும்: காலையில் சாம்பல், நாலு மணிக்கு மேல் செம்பு.

சமையல் கோஷ்டியிலிருந்து தப்பித்து நானும் ஒரு சின்ன முகட்டில் ஏறினேன். பயிற்சி தருபவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் பாறையடியில் அவர்தான் எல்லாருக்கும் ‘தாதா’, அதாவது அண்ணன், எனக்கும்தான். இடுப்பில் ஹார்னஸ் கட்டி, கேரபினர் கொக்கியைப் பூட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தார். கயிறு மேலே ஒரு பாறைக் கொம்பைச் சுற்றிக் கீழே இன்னொருவர் கைக்கு வருகிறது. நான் வழுக்கினால் அவர் பிடிக்க வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று: இரண்டு கை, இரண்டு கால் என்ற நாலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும், ஒன்றுதான் நகரலாம்.

பாறையை எட்டி நின்று பார்த்தால் வழவழப்பு. கன்னத்தை ஒட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது: ஃபெல்ட்ஸ்பார் மணிகள் அரிசியளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கின்றன, நடுவில் அபிரகம் மினுங்குகிறது, கருஞ்சாம்பல் காளான் படை ஒட்டியிருக்கிறது. கை பிடிக்க விளிம்பு தேடித் தேடி அலையும். பிடிமானம் உண்மையில் பாதத்தில்தான். கான்வாஸ் ஷூவின் ரப்பர் அந்த மணிகளில் பதிந்தால் சுவரிலும் நிற்கலாம். பயத்தில் உடம்பைப் பாறையோடு அப்பிக்கொண்டால் கால் வழுக்கும். தைரியமாக வெளியே சாய்ந்தால் கால் பிடிக்கும். மூளைக்கு இது ஏற மறுக்கிறது. ‘காகு, கையை மறந்துடுங்க, காலை நம்புங்க’ என்று கீழேயிருந்து ஒரு கல்லூரிப் பெண் கத்தினாள். அவள் அதே வழியில் ஏறி இறங்கி, இப்போது வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். விரல் நுனித் தோல் தேய்ந்துவிட்டது. அன்று ராத்திரி கிச்சடியைக் கையால் எடுக்க முடியாமல் ஸ்பூன் கேட்டேன்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் வயிற்றைக் கலக்கும். முதுகை வெளிக்குக் கொடுத்து, கயிற்றில் உட்கார்ந்து, பின்னால் ஓரடி எடுத்து வைக்க வேண்டும். அந்த முதல் அடியைத் தாண்டிவிட்டால் அப்புறம் சுகம். இன்னொரு ஆபத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை: மலைத்தேனீ. பாறை இடுக்குகளில் பெரிய பெரிய அடைகள் தொங்கும். புகை கூடாது, சென்ட் கூடாது, அடைக்குக் கீழே கூச்சல் கூடாது. தேனீ கிளம்பிவிட்டால் கயிற்றில் தொங்குகிறவருக்கு ஓட இடமில்லை.

பெரிய முகட்டுக்கு ஏற நல்ல படிக்கட்டு இருக்கிறது. மேலே சண்டி மாதா கோயில். மலையின் பெயரே அவளுடையது. குன்று கண்டால் குமரனை வைப்பது நம் வழக்கம், இவர்கள் அம்மனை வைத்திருக்கிறார்கள். புதுச்சேலை உடுத்திய பெண்கள் தட்டில் குங்குமமும் பாதாஷாவும் வைத்துக்கொண்டு படியேறுகிறார்கள். பொங்கல் சமயமாதலால் டுசு பாட்டும் கேட்டது. மானபூம் என்ற இந்த வட்டாரத்துப் பெண்களின் அறுவடைத் திருவிழா அது. அடிவாரத்தில் முறி விற்கும் மாஸி, அதாவது சித்தி, ஒருத்தி. முறி என்றால் நம் பொரி. கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் போட்டுக் குலுக்கித் தருவாள். எங்கள் பையன்கள் கயிறும் இரும்புமாக எதிர்ப்பக்கச் சுவருக்கு நடப்பதைப் பார்த்து அவள் கேட்டாள்: “படி இருக்கே பாபா, அந்தப் பக்கம் ஏன் போறீங்க? அம்மா இந்தப் பக்கம்தானே இருக்கா?”

“பழகறதுக்கு மாஸி. அப்புறம் ஹிமாலயத்துக்குப் போகணும்” என்றான் ஒருவன்.

“அங்கேயும் படி இல்லையா?” என்றாள். கிண்டலா, நிஜமான கேள்வியா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜயசண்டியை வங்காளத்துக்கு அறிமுகப்படுத்தியது மலையேறிகள் அல்ல, சினிமா. சத்யஜித் ராய் 1980-ல் வெளியிட்ட ‘ஹீரக் ராஜார் தேஷே’ படத்தின் மலைக் காட்சிகள் இங்கே எடுத்தவை. கொடுங்கோல் ராஜா பள்ளிக்கூடத்தை மூடிவிடுகிறான். வாத்தியார் உதயன் தப்பி ஓடி ஒளிவது இந்தப் பாறைகளுக்குள். சௌமித்ர சாட்டர்ஜி வெள்ளை வேட்டியில் அந்தக் கற்களுக்கு நடுவே நிற்பது வங்காளிக் குழந்தைகள் எல்லாருக்கும் மனப்பாடம். எமர்ஜென்சி முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது; ராஜா யார் என்று பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. படத்தின் முடிவில் ஜனங்கள் கயிறு கட்டி ராஜா சிலையைச் சாய்க்கிறார்கள். ஜயசண்டியில் கயிறு பிடித்தவர்களுள் அவர்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உச்சியில் இன்னொரு சங்கதி இருக்கிறது: இடிந்த வட்டக் கோபுரம். தந்திக்கு முன்பு, வில்லியம் கோட்டையிலிருந்து காசிப் பக்கத்துச் சுனார் வரை கும்பினியார் கோபுர வரிசை ஒன்று கட்டினார்கள். கோபுரத்தின் மேல் மரக் கைகளை அசைத்துச் செய்தி சொல்வது, அடுத்த கோபுரத்துக்காரர் தூரதர்சினியில் பார்த்து அதைத் தன் பங்குக்கு அசைப்பது. சமவெளியில் உயரமாகக் கட்ட வேண்டியிருந்தது. புருலியாவில் மலையே உயரம் தந்தது. ஜயசண்டிக் கோபுரமும் அந்த வரிசையில் ஒன்று என்கிறார்கள். பனிமூட்டம் வந்தால் செய்தி நின்றுபோகும் முறை நெடுநாள் தாக்குப்பிடிக்குமா? 1851-ல் கொல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் நடுவே மின்தந்தி வந்துவிட்டது. பெஹாலா இருக்கிற திசைதான் அது. ஆக, கொல்கத்தாக்காரர்களுக்கு இந்த மலைமேல் வேலை வந்தது இருநூறு வருஷம் முன்பே. அப்போதும் மலைக்காக வரவில்லை.

மலையை வெளியூர்க்காரர்கள் தங்கள் காரியத்துக்கு எடுத்துக்கொள்வதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்கப் பாலைவனத்து நவஹோ மக்கள் ஞாபகம் வருகிறார்கள். நியூ மெக்ஸிகோவில் அவர்கள் நிலத்தில் ஷிப்ராக் என்று ஒரு பாறை. எரிமலையின் தொண்டைக்குள் உறைந்த குழம்பு, மலை கரைந்த பிறகு அது மட்டும் எஞ்சி 480 மீட்டருக்கு மேல் நிற்கிறது. கடல்மட்டக் கணக்கில் 2,188 மீட்டர். நவஹோ மக்களுக்கு அது சிறகுள்ள பாறை. முன்னோரை வடக்கிலிருந்து சுமந்து வந்த பெரும்பறவை. பிற்பாடு ஜனங்கள் அதன் மேலேயே குடியிருந்தார்களாம். கீழே வயலுக்குப் போய்வரும் பாதையை ஒருநாள் இடி உடைத்தது. மேலே சிக்கிய பெண்டு பிள்ளைகள் இறங்க வழியின்றிப் பட்டினியில் மாண்டார்கள். செத்தவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, அதனால் ஏறக்கூடாது. கதை இவ்வளவுதான். எனக்கு இது போதுமான காரணமாகவே படுகிறது.

1939 அக்டோபரில் கலிஃபோர்னியாவிலிருந்து டேவிட் பிரவரும் மூன்று தோழர்களும் வந்து ஏறிவிட்டார்கள். பாறையில் துளையிட்டு விரியும் போல்ட் அடித்து ஏறியது அமெரிக்காவில் அதுவே முதல் தடவை. இதே பிரவர் பின்னாளில் பெரிய சூழலியல் போராளியாகி, கிராண்ட் கேன்யனில் அணை வராமல் தடுத்தவர்களில் முன்வரிசையில் நின்றார். அதற்குப் பின் அரிஸோனாப் பக்கத்து நவஹோ நிலத்தில் அகத்லா முனையில் 1949-ல் ஏறினார்கள், ஸ்பைடர் ராக்கில் 1956-ல், மானுமென்ட் பள்ளத்தாக்கின் ஊசியான டோட்டம் போலில் 1957-ல். 1970-ல் ஷிப்ராக்கில் பெரிய விபத்து. அதையொட்டி நவஹோ அரசு ஏறுவதற்குத் தடை போட்டது. தங்கள் நிலம் முழுக்க அதை விரித்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்து 1975-ல் வந்த ‘ஐகர் சாங்ஷன்’ படத்துக்கு மட்டும் டோட்டம் போலில் ஏற விட்டார்கள், பழைய ஏறிகள் அடித்துவிட்டுப்போன இரும்பு ஆணிகளைப் பிடுங்கி எடுத்துவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. கதவைக் கொஞ்சம் திறந்து, வந்தவரையே குப்பை பொறுக்கவைத்த சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

தடையை மலையேறிகள் பலர் இன்றும் குறைசொல்கிறார்கள். ‘பாறை எல்லாருக்கும் பொது’ என்பது அவர்கள் கட்சி. இந்த ‘எல்லாருக்கும்’ எப்போதும் வெளியூர்க்காரர் வாயிலிருந்துதான் வருகிறது. வீட்டுக்காரர் ‘வேண்டாம்’ என்றால் விருந்தாளி கேட்டுக்கொள்வதுதானே முறை?

ஜயசண்டியில் யாரும் ‘வேண்டாம்’ என்று சொன்னதில்லை. அம்மனும் மாஸியும் படிப்பக்கம், கயிறும் கிளப்பும் சுவர்ப்பக்கம் என்று ஒரு ராசி ஓடுகிறது. இது வங்காளத்தின் பெருந்தன்மை என்று மெச்சத் தோன்றும். ஆனால் வேண்டுமா, வேண்டாமா என்று அவர்களை யாராவது கேட்டார்களா? அடிவாரப் பாறைகளில் பெயின்ட்டால் எழுதிய பேர்களையும் அம்புக்குறிகளையும் பார்த்தேன். ‘பிராக்டிஸ் ராக்’ என்ற சொல் நெருடுவது இங்கேதான். சந்தால்களுக்கு மலை என்றால் மராங் புரு, பெருந்தெய்வம். அயோத்யா மலையில் புத்த பூர்ணிமையன்று அவர்கள் வேட்டைத் திருவிழாவுக்குக் கூடுகிறார்கள். அவர்களுக்கு இதுவே மலை; இமயத்துக்கு ஒத்திகை அல்ல. நம்முடைய பழகுப்பலகையாக அவர்கள் தெய்வத்தை வைத்துக்கொண்டோம் என்பது பையன்களுக்கு உறைக்கவில்லை. நல்ல பையன்கள், புறப்படும் முன் பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கினார்கள். பெயின்ட்டைத்தான் பொறுக்க முடியாது.

கயிறு கொண்டுபோகிறவர்களால் மலைக்கு வரும் சேதம் சின்னது. வெடி கொண்டுபோகிறவர்கள் வேறு ஆட்கள். பாறையே இல்லாத கொல்கத்தாவின் கான்கிரீட்டுக்கு ஜல்லி எங்கிருந்து வருகிறது? ஜார்க்கண்டின் பாகுரிலிருந்து, வீர்பூமின் குவாரிகளிலிருந்து. ராஜ்மஹால் மலைகளின் கறுப்பு எரிமலைக்கல். எங்கள் தெருவில் ஒரு அடுக்குமாடி எழும்போது எங்கேயோ ஒரு குன்று இறங்குகிறது. புருலியாவிலேயே திலாபோனி மலையைக் கிரானைட்டுக்காக வெட்டப் பார்த்தபோது சுற்றுக் கிராமத்தார் குறுக்கே நின்றார்கள். மேலூர்க்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும். கீழவளவில் வெட்டியது போக மிச்சத்தைக் காக்கத்தான் அரிட்டாபட்டியை 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக்கினார்கள். இரண்டே வருஷத்தில் அதையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் மொத்தமும் மதுரைக்கு நடந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை 2010 வாக்கில் வந்தபோதும் மலையடி மக்கள் இடம் கொடுக்கவில்லை.

பாறையின் மேல் கை வைத்துப் பார்த்தவன் அதை ஜல்லியாக நினைக்கமாட்டான் என்று எங்கள் தாதா அடுப்படியில் உட்கார்ந்து வாதாடினார். அவர் கைக்காய்ப்பைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. பெஹாலாவில் அவருக்குச் சொந்தமாக ஒரு ஃப்ளாட் இருக்கிறது, நாலாவது மாடி. அதைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு, அந்த விவாதத்துக்கு ரயிலில் நேரம் இருக்கிறது என்றார். ரயிலில் எல்லாரும் தூங்கிவிட்டோம்.

அடுத்த வாரம் சுசுனியா. அங்கே பாறையில் ஏறியவர்களுக்கு ஆயிரத்து அறுநூறு வருஷம் முன்பே ஒரு ராஜா தன் பேரை வெட்டிவைத்திருக்கிறான். பெயின்ட் அல்ல, உளி. சந்திரவர்மன். அவனைச் சமுத்திரகுப்தன் என்ன செய்தான் என்பதையும் பார்ப்போம்.

(தொடரும்)